பொங்கல் பந்தயம்



நமது புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய்களுக்குக் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து அவை நிரம்பினால் உழவர்கள் மனம் குளிரும். பங்குனி, சித்திரையில் அவை வற்றினால் சிறுவர்கள் மனம் குளிரும். வெடித்துக் கிடக்கும் வண்டல் தரையில் கருவேலங் குச்சிகள் மூன்றை நட்டு, காய்ந்த தென்னை மட்டையைச் செதுக்கிக் கையில் ஏந்தி, கந்தைத் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தைக் கொண்டு நானும் அங்கே கிரிக்கெட் பயின்றவன்தான். அந்த மைதானத்துக்கு ஆயுள் நான்கு மாதம். அடுத்த மழையில் அது தண்ணீருக்கடியில் போய்விடும். அதற்காக நாங்கள் வருந்தியதில்லை. தண்ணீர் வற்றினால் மைதானம் மீண்டும் வந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, ஒரு முறை மறைந்தபின் திரும்பி வராத ஒரு பந்தயத்தைப் பற்றி. அது நடந்தது நம் ஊரில் அன்று, சென்னை நகரில். ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பொங்கல் வாரம் என்றாலே சென்னைவாசிகளுக்கு அந்தப் பந்தயந்தான் நினைவுக்கு வரும். பிரசிடென்ஸி மாட்ச் என்பது அதன் பெயர். இந்தியர் ஒரு கட்சி, ஐரோப்பியர் ஒரு கட்சி. இன்று கல்லூரி மாணவர்களைக் கேட்டால் நூற்றில் ஒருவர்கூட அதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். கண்மாய்க் கரையில் வளர்ந்தவன் சென்னை ஆட்டத்தைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். மைதானம் யாருக்குச் சொந்தம், அதில் யார் ஆடலாம், ஆடியபின் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்விகள் அந்தப் பந்தயத்தின் சரித்திரத்தில் அடங்கியிருக்கின்றன. அந்தக் கேள்விகள் கண்மாய்க்கும் பொருந்தும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது. சென்னைக் கோட்டைக்கு வடக்கே, இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் இடத்தை ஒட்டிய பரப்புக்கு எஸ்பிளனேடு என்று பெயர். வெற்று வெளி என்பது அதன் பொருள். ஆனால் அது இயற்கையாய் அமைந்த வெளியன்று. அங்கே ஓர் ஊர் இருந்தது. நெசவாளரும் வணிகரும் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் அதுதான். 1746ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். 1749இல் ஆங்கிலேயர் கைக்கு அது திரும்பி வந்தது. கோட்டை மதிலை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவில் நின்று சுடுவான் என்று அஞ்சி, அந்த ஊரையே ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர். பீரங்கிக் குண்டு தடையின்றிச் செல்வதற்காக ஒரு வெளி வேண்டியிருந்தது. இந்த எல்லைக்குள் எவரும் வீடு கட்டலாகாது என்று காட்டுவதற்கு 1773இல் ஆறு தூண்களை நாட்டினார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் என்னும் மாளிகையின் மூலையில் இன்றும் நிற்கிறது. சென்னைக்குப் போகிறவர்கள் பேருந்துக்கு நிற்கும்போது ஒரு கணம் திரும்பிப் பார்த்தால் காணலாம்.

குண்டு பாய்வதற்காக உண்டான அந்த வெளியில் பிற்காலத்தில் பந்து பாய்ந்தது. அதற்குக் காரணமானவர் புச்சி பாபு நாயுடு.

1868இல் பிறந்த அவர் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவரை வளர்த்த பாட்டனார், பாரி கம்பெனியில் துபாஷாக இருந்தவர். துபாஷ் என்றால் இரு பாஷை அறிந்தவர். வெள்ளைக்கார வியாபாரிக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் இடையே நிற்பவர். மயிலாப்பூர் லஸ்ஸில் இருந்த பெரிய மாளிகையில், ஆங்கிலேயப் பெண்மணிகளின் மேற்பார்வையில் புச்சி பாபு வளர்ந்தார். குதிரையேற்றம், டென்னிஸ், கிரிக்கெட் எல்லாம் அவருக்கு இளமையிலேயே பழக்கமாயின. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் என்னும் வெள்ளையர் சங்கம் 1846இல் தோன்றி, 1865ஆம் ஆண்டளவில் சேப்பாக்கத்தில் தன் மைதானத்தை அமைத்துக்கொண்டிருந்தது. முன்பு ஆர்க்காட்டு நவாபின் அரண்மனையைச் சேர்ந்திருந்த நிலம் அது. அந்தச் சங்கத்தில் இந்தியருக்கு இடமில்லை. ஆட்டத்துக்கு ஆள் தேவைப்படும்போது மட்டும் சில இந்தியரை அழைப்பார்களாம். அழைக்கப்பட்டவர்கள் பெவிலியன் படியேறக் கூடாது. உடை மாற்றுவதும் மரத்தடியில், பகலுணவு உண்பதும் மரத்தடியில். இதைக் கண்ட புச்சி பாபு, நமக்கென்று ஒரு சங்கம் இருந்தாலன்றி இந்த அவமானம் தீராது என்று முடிவு செய்தார் எனச் சென்னைக் கிரிக்கெட் சரித்திரம் எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

அந்தச் சமயத்தில் அவர் வேறுவிதமாகவும் நடந்துகொண்டிருக்கலாம். செல்வம் இருந்தது; ஆங்கிலம் இருந்தது; துரைமார்களின் நட்பும் இருந்தது. மனுக்கள் எழுதியிருக்கலாம். அல்லது தனக்கு மட்டும் பெவிலியனில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்று முயன்றிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. 1888இல், தம் இருபதாவது வயதில், மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்னும் சங்கத்தை எஸ்பிளனேடில் தொடங்கினார். இருபது வயது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். வாலிபர்களைத் தேடிச் சேர்த்து அவர்களுக்கு மட்டையும் பந்தும் கொடுத்து ஆட்டம் பழக்கினார். அந்த ஆண்டுகளில்தான் அதே வெளியில் உயர்நீதிமன்றத்தின் சிவந்த கோபுரங்களும் எழுந்தன. அக்கட்டிடம் 1892இல் முடிந்தது. ஒரு பக்கம் நீதியின் மாளிகை, மறு பக்கம் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தவர்களின் ஆட்டம்!

சங்கம் ஏற்பட்டு இருபது ஆண்டுகள் சென்றபின், 1908இல், வெள்ளையர் சங்கத்தோடு சமமாய் ஆடும் ஒரு பந்தயத்துக்கு அவர் ஏற்பாடு செய்தார். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் பார்ட்ரிட்ஜ் என்ற நல்ல மனிதர் ஒருவர் இருந்தார். அவர் இதற்குத் துணை நின்றார். ஆனால் பந்தயம் நடப்பதற்குச் சிறிது முன்பாகப் புச்சி பாபு காலமாகிவிட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பது. இருபது ஆண்டுகள் எதற்காக உழைத்தாரோ அதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. மறு ஆண்டு, 1909இல், அவர் பெயரால் ஒரு போட்டி தொடங்கிற்று. நடுவே சில ஆண்டுகள் நின்றுபோயிருந்தாலும், புச்சி பாபு போட்டி என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. பெயரைச் சொல்லுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த மரத்தடி நினைவிருக்கும் என்பது வேறு விஷயம்.

1915-16ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து பிரசிடென்ஸி மாட்ச் முதல்தரப் பந்தயமாக நடந்தது. சேப்பாக்கத்தில், பொங்கலை ஒட்டிய விடுமுறையில் அது நடக்கும். வீட்டில் பொங்கல் வைத்துவிட்டு, கரும்பைக் கடித்துக்கொண்டே மைதானத்துக்குப் புறப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். மத்திய இந்தியாவிலிருந்து சி. கே. நாயுடு வந்து ஆடிய பந்தயம் ஒன்றில், அவர் அடித்த பந்து மைதானத்தைத் தாண்டி, அதற்கப்பால் ஐம்பது கஜ தூரத்தில் நின்ற ஒரு தென்னை மரத்தருகே போய் விழுந்ததாகப் பழைய ரசிகர்கள் வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பந்து விழுந்த இடத்தை அளந்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. வெள்ளையர் வேலிக்கு வெளியே ஓர் இந்தியர் அடித்த பந்து போய் விழுந்தது என்பதில் அவர்களுக்கு இருந்த மகிழ்ச்சியை ஒரு கஜக்கோலால் அளக்க இயலாது.

இங்கே பம்பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இந்தியரின் கிரிக்கெட் பம்பாயில்தான் முதலில் வேர்விட்டது. பார்ஸி இனத்தவர் 1848இலேயே ஓரியண்டல் கிரிக்கெட் கிளப் என்ற சங்கத்தை ஏற்படுத்தினார்கள். அது இரண்டோர் ஆண்டுகளில் மறைந்துபோயிற்று. பின்னர் வேறு சங்கங்கள் தோன்றின. 1892 முதல் பம்பாயில் ஐரோப்பியருக்கும் பார்ஸிகளுக்கும் முதல்தரப் பந்தயம் நடந்தது. 1907இல் இந்துக்கள் என்று ஓர் அணி சேர்ந்தது. 1912இல் முஸ்லிம்கள் என்று ஓர் அணி. 1937இல் ‘மற்றவர்கள்’ என்று ஐந்தாவது அணி. கிறிஸ்தவரும் பிறரும் இந்த ‘மற்றவர்’. ஆயிரக்கணக்கான மக்கள் பார்க்க வந்தார்கள். ஆட்டமும் உயர்ந்த ஆட்டந்தான். ஆனால் வகுப்புக்கு வகுப்பு அணி வகுத்து நிற்பது நாட்டுக்கு நன்மை செய்யாது என்று பலர் வருந்தினர். 1940இல் காந்தியடிகளும் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். அப்படியும் அது உடனே நிற்கவில்லை. 1946இல்தான் அது முடிவுக்கு வந்தது. மறு ஆண்டில் நாடு பிளவுபட்டதை நான் சொல்லவேண்டியதில்லை.

சென்னையில் அப்படி நேரவில்லை. இங்கே எதிர்க்கட்சி ஐரோப்பியர். நம் கட்சி இந்தியர். அவ்வளவுதான். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர் என்று நான்கு கூடாரம் போடவில்லை. இந்தியரின் அணியில் ஏ. ஜி. ராம்சிங் என்னும் சீக்கியரும் ஆடினார், எம். ஜே. கோபாலன் என்னும் தமிழரும் ஆடினார். சென்னையில் பார்ஸிகளைப்போல் தனியே அணி சேர்க்கத்தக்க ஒரு பெரிய வகுப்பு இல்லாதது இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் காரணம் எதுவாயினும் பயன் நல்லதாயிற்று. தம் சங்கத்துக்கு ஒரு வகுப்பின் பெயரை வைக்காமல், ஒன்றுபட்டது என்று பொருள்படும் பெயரைப் புச்சி பாபு வைத்தாரல்லவா? அந்தப் பெயர் வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை என்பதே என் கருத்து.

இதைச் சொல்லிவிட்டு நம் முதுகில் நாமே தட்டிக்கொள்ளுவது எளிது. ஆகையால் இன்னொருவர் கதையையும் சொல்லுகிறேன். பல்வங்கர் பாலு என்பவர் 1876இல் பிறந்தவர். தோல் வேலை செய்யும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். பூனாவில் வெள்ளையர் சங்கத்தில் தரையைச் சீர்செய்யும் வேலைக்காரராக இருந்து, அவர்களுக்குப் பழக்கத்துக்காகப் பந்து வீசியே பெரிய பந்து வீச்சாளரானார். அவரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளுவதா என்று பூனா இந்துக்கள் மிகவும் யோசித்தார்கள். வெள்ளையரைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசை இறுதியில் வென்றது, சேர்த்துக்கொண்டார்கள். ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் வேளையில் மாத்திரம் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே, எறிந்துவிடும் மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்படிப்பட்டவரையும் தம் அணிக்குத் தலைவராக்க இந்துக்கள் மனம் ஒப்பவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான், 1923இல், அந்தப் பதவி கிட்டிற்று.

சேப்பாக்கத்து மரத்தடியில் நம்மை உட்காரவைத்தவன் வெள்ளைக்காரன். பூனாவில் பாலுவை வெளியே நிறுத்தியவர்கள் யார்?

கண்மாயைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன் என்றேன். எங்கள் கண்மாய் ஆட்டத்துக்கு ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருவார்கள். கண்மாய் பொதுச் சொத்து. யாரும் யாரையும் வரவேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் ஒரு தெருவைச் சேர்ந்த பிள்ளைகள் பந்து பொறுக்குவார்கள். மட்டை அவர்கள் கைக்கு வருவதற்குள் எப்போதும் இருட்டிவிடும். தாகம் எடுத்தால் நாங்கள் கரையிலிருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் செம்பு வாங்கித் தண்ணீர் குடிப்போம். அவர்கள் ஊற்றுத் தோண்டிக் கையால் அள்ளிக் குடிப்பார்கள். இதைக் கட்டளையாக ஒருவரும் இட்டதில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்டதுமில்லை, நானும் கேட்கவில்லை. அவர்களில் ஒருவன் இடக்கையால் பந்து வீசுவான். எங்களில் எவனும் அந்தப் பந்தைச் சரியாக அடித்ததில்லை. அவன் மட்டையைப் பிடித்து நான் பார்த்ததேயில்லை. பாலுவின் கதையைப் பல ஆண்டுகளுக்குப் பின் படித்தபோதுதான் எனக்கு அவன் நினைவு வந்தது.

சென்னைக்குத் திரும்புவோம். பொங்கல் பந்தயத்தில் மோதிக்கொண்ட இரு கட்சியாரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். அதன் விளைவு 1934இல் தெரிந்தது. அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதலாவது பந்தயம் சேப்பாக்கத்தில் நடந்தது, சென்னைக்கும் மைசூருக்கும். சென்னை அணிக்குத் தலைவர் சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். முதற்பந்தை வீசியவர் கோபாலன். ராம்சிங் இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 35 ரன்கள் மட்டும் கொடுத்துப் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். மைசூர் 48, 59. சென்னை 130. ஒரே நாளில் ஆட்டம் முடிந்து சென்னை வென்றது. பொங்கலில் எதிரெதிராய் நின்றவர்கள் இங்கே ஒரே அணியில் நின்றார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தியனை மரத்தடிக்கு அனுப்பிய மைதானத்தில், இப்போது ஓர் ஆங்கிலேயர் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் சேர்த்துத் தலைமை வகித்தார். தலைமை வகித்தவர் அப்போதும் ஆங்கிலேயர்தான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கோபாலனைப் பற்றி ஒரு வார்த்தை. செங்கற்பட்டு ஜில்லாவில் மொறப்பாக்கம் என்ற கிராமத்தில் 1909இல் பிறந்தவர். அவருடைய பந்துவீச்சின் திறமையைக் கண்டுகொண்டு பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தவர் அதே ஜான்ஸ்டன். கோபாலன் ஹாக்கியிலும் வல்லவர். 1935இல் தயான் சந்தோடு நியூஸிலாந்து சென்று ஆடியவர். 1936இல் அவர் முன்னே இரு வழிகள் இருந்தன: பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஹாக்கி ஆடப் போவது, அல்லது இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் ஆடப் போவது. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்துகொண்டார். பெர்லினில் நம் ஹாக்கி அணி தங்கப் பதக்கம் பெற்றது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட் பந்தயத்திலும் இடம் கிடைக்கவில்லை. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடிய ஒன்றுதான் அவர் ஆடிய டெஸ்ட். தொண்ணூறு வயதைக் கடந்து 2003ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

பொங்கல் பந்தயம் எவ்வாறு முடிந்தது? அதை எவரும் ஒழிக்கவில்லை. பம்பாயில் நடந்ததைப்போல் கிளர்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. நாடு சுதந்திரம் அடைந்தது. கம்பெனிகளிலும் உத்தியோகங்களிலும் இருந்த ஐரோப்பியர் ஒவ்வொருவராய்க் கப்பலேறினர். எதிர்க்கட்சி தேய்ந்தது. 1951-52ஆம் ஆண்டுப் பருவத்தோடு பிரசிடென்ஸி மாட்ச் நின்றுவிட்டது.

அதே பருவத்தில், அதே சேப்பாக்கத்தில், இங்கிலாந்தோடு டெஸ்ட் பந்தயம் நடந்தது. 1952 பிப்ரவரி 6ஆம் தேதி ஆட்டம் தொடங்கியது. அன்றுதான் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமானார். வினூ மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ரன்களுக்கு எட்டு விக்கெட், இரண்டாவதில் 53 ரன்களுக்கு நான்கு விக்கெட் எடுத்தார். பங்கஜ் ராய் 111 ரன்களும், உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130 ரன்களும் குவித்தார்கள். பத்தாம் தேதி ஓர் இன்னிங்ஸ் எட்டு ரன் வித்தியாசத்தில் இந்தியா வென்றது. டெஸ்ட் ஆட்டத்தில் புகுந்து இருபது ஆண்டுகள், இருபத்துநான்கு பந்தயங்கள் கழிந்தபின் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அந்த அணியில் சென்னை இளைஞர் சி. டி. கோபிநாத்தும் இருந்தார். புச்சி பாபு கேட்ட கேள்விக்கு அந்த மைதானமே பதில் சொல்லிவிட்டது. பதில் வந்தபின் கேள்விக்கு வேலையில்லை. பொங்கல் பந்தயம் மறைந்ததில் வியப்பில்லை. ஆயினும் அது மறைந்தபோது பல கிழவர்கள் வருந்தியிருப்பார்கள் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஓர் அநியாயத்தின் நிழலில் வளர்ந்த மரமானாலும், அதன் கீழ் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது மரந்தானே.

அதற்கு அடுத்த பருவத்தில் கோபாலன் பெயரால் ஒரு கோப்பை ஏற்பட்டுச் சென்னைக்கும் இலங்கைக்கும் பந்தயம் தொடங்கிற்று. இலங்கை 1982இல் டெஸ்ட் ஆடும் நாடாக உயர்ந்தபின் அதுவும் நின்றுபோயிற்று. சேப்பாக்கத்துக்கும் ஒரு வனவாசம் நேர்ந்தது. 1956 ஜனவரி முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் பந்தயங்கள் ஒன்பதும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகே பழைய பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தன. மன்கடும் ராயும் நியூஸிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன்கள் சேர்த்தது அங்கேதான். அந்தச் சாதனையை 2008 வரையில் எவராலும் மிஞ்ச முடியவில்லை. 1964 பொங்கல் சமயத்தில் நட்கர்ணி இங்கிலாந்துக்கு எதிராகத் தொடர்ந்து இருபத்தோரு ஓவர்கள் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வீசியதும் அங்கேதான். 1967இல் டெஸ்ட் மறுபடியும் சேப்பாக்கத்துக்குப் போயிற்று. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இன்று கால்பந்து மைதானம். ஜவாஹர்லால் நேரு பெயர் தாங்கி நிற்கிறது. அங்கே போய், மன்கட் நின்ற இடம் எது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

புச்சி பாபுவின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அவர்களும் ஆட்டக்காரர்களே. அவர்களில் ஒருவர் தாய்வழிப் பாட்டனார் வீட்டுக்குச் சுவீகாரம் சென்றதால் கோட்டா ராமஸ்வாமி என்று பெயர் பெற்றார். தந்தை இறந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. கேம்பிரிட்ஜில் படித்தார். 1922இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் டென்னிஸ் ஆடினார். சென்னை அரசாங்கத்தில் விவசாய இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். 1936இல், நாற்பதாவது வயதில், மான்செஸ்டர் நகரில் தம் முதலாவது டெஸ்ட் பந்தயத்தில் இறங்கி 40 ரன்னும் 60 ரன்னும் எடுத்தார். தந்தை உலகை விட்டுப் போன வயதில் மகன் டெஸ்ட் ஆடத் தொடங்கினார். அடுத்த டெஸ்டில் 29, பிறகு ஆட்டமிழக்காமல் 41. அவ்வளவுதான், அவர் ஆடியவை அந்த இரண்டு பந்தயங்களே. 1966இல் தம் விளையாட்டு வாழ்க்கையை ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதினார். பழைய சென்னை மைதானங்களைக் கண்ணால் கண்டு அவற்றில் ஆடியும் இருந்த ஒருவர் எழுதியது அது. கல்லூரி நூலகத்தில் அகப்பட்டால் மாணவர்கள் படிக்க வேண்டுகிறேன்.

1985 அக்டோபர் 15ஆம் தேதி, தம் எண்பத்தொன்பதாம் வயதில், ராமஸ்வாமி சென்னையில் தம் வீட்டிலிருந்து வெளியே சென்றார். வீடு திரும்பவில்லை. தேடியும் கிடைக்கவில்லை. எங்கே போனார், என்று இறந்தார் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. டெஸ்ட் ஆட்டக்காரர் பட்டியல்களில் அவர் பிறந்த தேதி இருக்கிறது: 1896 ஜூன் 16. அதற்கு நேரே இறந்த தேதி எழுதவேண்டிய இடத்தில், இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று மட்டுமே எழுத முடிந்திருக்கிறது.